அட்டாலியிலிருந்து இறங்கிய வேக்குவம் க்ளீனர்: பல்லடத்து வீட்டுத் தரையில் ஒரு சோதனை

பல்லடம் பக்கம், தறிக்குடோனை ஒட்டிய ஒரு வீடு. அங்கே இரண்டு மெஷின்கள் இருந்தன, இரண்டு கட்சிகளும் இருந்தன. ஒன்று மருமகள் ஆன்லைனில் வாங்கிய கார்ட்லெஸ் குச்சி மாடல். இன்னொன்று, மாமியார் கல்யாணமாகி வந்த காலத்தில் வாசலுக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டி விற்றுவிட்டுப் போன உருளை மெஷின்: இரும்பு உடம்பு, அடியில் சறுக்கிக்கொண்டு போகிற இரண்டு பட்டைகள், முன்னால் ஹோஸ், உள்ளே துணிப்பை. ரொம்ப வருஷமாக அட்டாலியில் சாக்குக்குள் கிடந்ததை இறக்கி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஓடியது. தரைதான் சுத்தமாகவில்லை.

“கண்ணு, அந்தப் புதுசு மேலாப்புல நக்கிட்டுப் போவுது. பழசு அப்படியில்ல, சந்துல இருக்கற மண்ணு வரைக்கும் இழுத்துப்போடும். இப்ப என்னமோ சத்தம் மட்டுந்தான் இருக்குது, இழுவையக் காணோம்” என்றார் மாமியாரான பெரியம்மா.

“ஏனுங்ண்ணா, அது ஓடுனா எனக்குத் தும்மல் நிக்கறதே இல்லீங்க” என்றார் மருமகள்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. ஏன் என்பதைத்தான் விவரமாக எழுதுகிறேன். பழைய மெஷின் வைத்திருக்கும் பலர் மோட்டாரையே சந்தேகப்பட்டு, நல்ல மோட்டாரைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுகிறார்கள். இந்த மெஷின் எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அந்தக் காலத்து உருளை மாடல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். 1921இல் ஸ்வீடனின் எலெக்ட்ரோலக்ஸ் கம்பெனி ‘மாடல் V’ என்று சறுக்குப் பட்டை வைத்த உருளையை விற்கத் தொடங்கியதிலிருந்து அடிப்படை அதிகம் மாறவில்லை. முன்பக்கம் பை, அதற்குப் பின்னால் விசிறியும் மோட்டாரும், கடைசியில் காற்று வெளியே போகும் வாய்.

வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பாதி விஷயம் தரையில் இருக்கிறது. முன்னால் ஆசாரம், பழைய காவித் தரை. வழவழவென்று இருக்கும், ஆனால் அங்கங்கே மயிரிழை விரிசல். உள்வீடு மொசைக். பிறகு இழுத்துக் கட்டிய சமையலறையும் ஒரு படுக்கையறையும் விட்ரிஃபைடு டைல்ஸ். ஒரே வீட்டில் மூன்று தலைமுறைத் தரை. குப்பையும் மூன்று வகை. பொடக்காளியிலிருந்து (வீட்டின் பின்புறம்) காலில் ஒட்டிவரும் மண், குடோனிலிருந்து ஜன்னல் வழியாக மிதந்துவரும் பஞ்சு, அதோடு சேர்ந்து வரும் கஞ்சித் தூள். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குச் சைசிங், அதாவது கஞ்சி, போடும்போது ஏறும் மாவு, தறியில் நூல் உரசும்போது பொடியாக உதிரும். மரவள்ளிக் கிழங்கு மாவுதான் பெரும்பாலும். மண்ணை எந்த மெஷினும் எடுத்துவிடும். பஞ்சும் இந்த மாவும் சேர்ந்தால்தான் வம்பு.

முதலில் பாதுகாப்பு. இரும்பு உடம்பு, இரண்டே கம்பி உள்ள பழைய வயர், எர்த் கிடையாது, சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஆள். இதை அப்படியே பிளக்கில் சொருகி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்பதே எனக்குக் கொஞ்சம் பகீரென்றது. மெக்கர் வைத்து உடம்புக்கும் காயிலுக்கும் இடையே இன்சுலேஷன் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. இருந்தாலும் வயரைக் கழற்றிவிட்டு மூன்று கம்பி வயர் போட்டு, உடம்பில் எர்த் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பழைய மெஷின் இறக்குகிறவர்கள் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

மோட்டாரைத் திறந்தேன். மிக்ஸியில் இருப்பது மாதிரியே யுனிவர்சல் மோட்டார்: நடுவில் சுற்றும் ஆர்மேச்சர், சுற்றிலும் இரண்டு ஃபீல்டு காயில், ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு கார்பன் கட்டை. கார்பன் தேய்ந்து ஸ்பிரிங் தொடும் நிலைமைக்கு வந்திருந்தது, அது உரசும் கம்யூட்டேட்டர் கறுத்திருந்தது, பேரிங் வறண்டு கரகரத்தது. காயில் துளி கருகல் இல்லை. பேரிங் 608, அதாவது உள் விட்டம் 8 மில்லிமீட்டர், வெளி விட்டம் 22. எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். அதே அளவு கார்பன் கிடைக்கவில்லை, ஒரு சுற்றுப் பெரியதை வாங்கி அரத்தில் தேய்த்து உட்கார வைத்தாயிற்று. இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையில் செய்தது என்பார்கள். அந்த ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு மோட்டாரைத் தூக்கிப்போட மனசு வராது, தெருவுக்கு ஒரு வைண்டிங் கடை இருக்கிறது.

மோட்டார் சரியானதும் சத்தம் இறங்கியது. தரையில் வித்தியாசம்? ஒன்றுமே இல்லை. மொசைக்கில் தூவிய மணலில் பாதி அங்கேயே கிடந்தது.

இங்கேதான் எல்லோரும் செய்யும் ஒரு சோதனையைப் பற்றிப் பேசவேண்டும். ஹோஸ் வாயில் உள்ளங்கையை வைத்து, “நல்லா இழுக்குதே” என்பார்கள். கையை வைத்ததும் சத்தம் கீச்சென்று உயரும், மோட்டார் திணறுகிறது என்று பயந்து எடுத்துவிடுவார்கள். உண்மையில் அப்போது மோட்டாருக்கு வேலை குறைகிறது. தள்ளுவதற்குக் காற்று இல்லை, விசிறி சும்மா சுற்றுகிறது, பாரம் குறைந்தால் யுனிவர்சல் மோட்டார் வேகமெடுக்கும். (ஆனால் ரொம்ப நேரம் அடைத்து வைக்கக்கூடாது. இந்த வகையில் பையைத் தாண்டி வரும் காற்றுதான் மோட்டாரைக் குளிர்விக்கிறது.) உள்ளங்கையில் தெரிவது உறிஞ்சும் அழுத்தம் மட்டும். தரையைச் சுத்தம் செய்வதற்கு அழுத்தம் வேண்டும், கூடவே காற்றும் ஓடவேண்டும். மணல் துகளைத் தரையிலிருந்து தூக்கி, ஹோஸ் முழுக்க இழுத்துக்கொண்டு போய்ப் பையில் போடுவது ஓடும் காற்று.

இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. அழுத்தத்துக்குக் கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் போதும். ஒரு முனையை வாளித் தண்ணீரில் விட்டு, மறுமுனையை ஹோஸ் வாயில் துணி சுற்றி அடைத்து, மெஷினை மாடிப்படியில் நன்றாக மேலே வைத்து ஓட்டினால் டியூபில் தண்ணீர் ஏறும். வீட்டு மெஷின்கள் பொதுவாக 2 மீட்டர் சுற்றுவட்டாரத்தில் ஏற்றும். உள்ளே முழு வெற்றிடமே இருந்தாலும் 10 மீட்டர் சொச்சத்துக்கு மேல் ஏறாது, காற்றழுத்தம் அவ்வளவுதான். மெஷினை அந்த 2 மீட்டருக்கு மேலே வைக்கவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும். ஓடும் காற்றைப் பார்க்க இன்னும் சுலபம். பின்வாயில் பனியன் கம்பெனியில் துணி கட்டும் பெரிய பாலிதீன் பை ஒன்றை மாட்டி, அது உப்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் போதும்.

எங்கள் மெஷினில் தண்ணீர் இடுப்பு உயரத்தோடு நின்றுவிட்டது. பாலிதீன் பை சோம்பலாக உப்பியது.

இடுப்பு உயரத்துக்குக் காரணம் மூடி ரப்பர். காய்ந்து வெடித்து, அங்கங்கே விண்டு போயிருந்தது. ஹோஸ் வழியாக வரவேண்டிய காற்று மூடி ஓரமாக நுழைந்துகொண்டிருந்தது. பம்ப் சாமான் கடைகளில் ஓ-ரிங் கயிறு மீட்டர் கணக்கில் கிடைக்கும். வாங்கிவந்து, சுற்றளவுக்கு வெட்டி, முனைகளைப் பசை போட்டு ஒட்டி வைத்தேன். தண்ணீர் ஆளுயரத்துக்கு ஏறியது. பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் பாலிதீன் பை அதே சோம்பல், தரையில் மணலும் கொஞ்சம்தான் குறைந்தது.

இந்த இடம்தான் இந்த ஆய்வில் முக்கியமானது. அழுத்தம் முழுசாக இருக்கிறது, காற்று ஓடவில்லை. மெஷினுக்குள் இருக்கும் துணிப்பை அடைத்தால் இப்படித்தான் காட்டும். வாயை மூடிவிட்டால் பைக்குள் காற்று ஓட்டமே இல்லை, அதனால் பை அடைத்திருப்பதும் தெரியாது. லெவல் டியூப் ஆளுயரம் காட்டும், உள்ளங்கையை இறுகப் பிடிக்கும். வாயைத் திறந்து தரையில் வைத்த உடனே குட்டு வெளிப்படும்.

பையைக் கழற்றி உள்ளே கையை விட்டேன். குப்பை அதிகமில்லை, அடியில் ஒரு பிடி மண், ஒரு கொண்டை ஊசி, இரண்டு பட்டன். ஆனால் துணியின் உட்பக்கம் முழுக்க, ஃபெல்ட் விரித்தது போல, சாம்பல் நிறத்தில் ஒரு படலம். நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பினால் உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே உரிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாகப் பஞ்சு இழை, நடுவில் வெள்ளைப் பொடியாகக் கஞ்சி மாவு. மாவு ஈரம் இழுத்து இறுகி, இழைகளுக்குப் பசையாகிவிட்டது. சாதாரண வீட்டில் பை நிறைந்தால்தான் அடைக்கும், தறி இருக்கும் வீட்டில் கால் பை நிறைவதற்குள்ளேயே அடைத்துவிடும். “பை ஃபுல்லாகலையே” என்று விட்டுவிட்டார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தக் காலத்துப் பையில் அதைக் காட்ட எந்த அடையாளமும் கிடையாது.

படலத்தை உரித்து, உதறி, துவைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டியதும் பாலிதீன் பை பட்டென்று உப்பியது. மொசைக்கில் தூவிய மணல், கடலைத்தோல், தலைமுடி எல்லாம் ஒரே இழுப்பில் போயின. “நாஞ் சொன்னனில்ல?” என்று பெரியம்மா மருமகளைப் பார்த்தார். மருமகள் என்னைப் பார்த்தார். நான் ஹோஸைப் பார்த்தேன்.

அடுத்தது தரையைத் தொடும் வாய். இந்த மெஷினோடு வந்தது அகலமான, தட்டையான உலோக வாய், ஓரத்தில் பிரஷ் கிடையாது. அது குளிர்நாட்டுக் கம்பளத்துக்குச் செய்தது. கம்பளத்தின் இழைகளுக்கு நடுவே காற்று பக்கவாட்டில் புகுந்து வரும், அதனால் தட்டையாக அழுந்தி உட்காருவது அங்கே நல்லது. வழுவழுத் தரையில் அதே வாய் இரண்டு விதமாகக் கெடுக்கும். அழுந்தி உட்கார்ந்தால் ஒட்டிக்கொண்டு நகராது. நகர்ந்தால் முன்விளிம்பு கடலைத்தோலை விழுங்காமல் தள்ளிக்கொண்டே சுவர்வரை போகும். பவானி ஜமுக்காளத்தில் வைத்தும் பார்த்தோம், ஜமுக்காளமே வாயோடு எழுந்து வந்தது, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டுதான் ஓட்டவேண்டியிருந்தது. ஆனால் மிதித்துக்கொண்டு ஓட்டினால் நெசவுக்குள் இருந்த மண் வந்ததைப் பார்த்து நானே அசந்துவிட்டேன். அங்கே அந்தத் தட்டை வாய்தான் ராஜா. ஐஇசி 62885-2 என்ற சர்வதேசச் சோதனை முறையில் வெறும் தரை, இடுக்குள்ள தரை, கம்பளம் மூன்றையும் தனித்தனியாகத்தான் சோதிக்கிறார்கள். ஒன்றில் கெட்டிக்காரனாக இருப்பது இன்னொன்றில் சோடை போகலாம்.

கடையில் முடி பிரஷ் வைத்த தரை வாய் கிடைக்கிறது. இப்போது வருவது பெரும்பாலும் 32 அல்லது 35 மில்லிமீட்டர் குழாய்க்கு. பழைய குழாய் அதில் சேராது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினால் இறுகிவிடும், காற்றும் கசியாது. பிரஷ் வாயைத் தரையிலிருந்து ஒரு இம்மி உயர்த்திப் பிடிக்கும், அந்த இடைவெளியில் காற்று வேகமாக நுழையும், முடிகள் பொடியைக் கிளப்பிவிடும். மொசைக்கிலும் டைல்ஸிலும் இது போட்டதும் பழைய மெஷின் புதியதை மண்ணில் சுலபமாக ஜெயித்தது. டைல்ஸ் இடுக்கிலும் காவித் தரை விரிசலிலும் ஒடுக்கமான சந்து வாய் வைத்து இழுத்தபோது கறுப்புக் கோடு வெளுத்ததை மருமகளே ஒத்துக்கொண்டார். கார்ட்லெஸ் அந்த இடுக்கு மண்ணை மேலாகத் தடவிவிட்டுத்தான் போகிறது, பெரியம்மா சொன்ன ‘நக்கிட்டுப் போவுது’ இதுதான்.

வாட்ஸ் பற்றி யாராவது கேட்பார்கள். பழையதன் தகட்டில் உள்ள வாட்ஸ், இப்போது கடையில் அடுக்கியிருக்கும் பெரிய மெஷின்களில் பாதிகூட இல்லை. வாட்ஸ் என்பது மெஷின் தின்னும் கரண்ட், இழுக்கும் இழுவை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் 1600 வாட்ஸ், 2017இல் 900 வாட்ஸ் என்று மேல்வரம்பு போட்டது, அங்கே யாரும் வீடு கூட்டுவதை நிறுத்திவிடவில்லை. தறி ஊர்களில் இன்னொன்று: எல்லாத் தறியும் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் இந்த மோட்டாரின் வேகமும் இறங்கும், காற்றும் குறையும். சாயங்காலம் ஓட்டிவிட்டு மெஷினைத் திட்டவேண்டாம்.

சரி, தும்மல்.

காலை வெயில் ஆசாரத்துக்குள் சாய்வாக விழும் நேரத்தில் கோலமாவைக் கொஞ்சம் தரையில் தூவி இழுத்தோம். தரையில் இருந்த மாவு போய்விட்டது. பின்வாய்க்கு மேலே வெயில் கற்றையில் பார்த்தால் வெள்ளைப் புகையாகச் சுழன்றுகொண்டிருந்தது. பின்வாயில் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தேன், சற்று நேரத்தில் நரைத்துவிட்டது. முன்னால் எடுத்ததைப் பின்னால் விடுகிறது, அதிலும் மூச்சில் போகிற அளவு நுண்ணிய பொடியை மட்டும் சலித்து விடுகிறது. பஞ்சுத் தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்தால் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும் என்பது மில் தொழிலாளர்களிடம் நன்றாகத் தெரிந்த விஷயம், அதனால் இதைச் சாதாரணத் தும்மல் என்று ஒதுக்க நான் தயாரில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. படலம் படிந்த அழுக்குப் பை நுண்தூசியை நன்றாகப் பிடிக்கும், காற்றை விடாது. துவைத்த பை காற்றை நன்றாக விடும், தூசியையும் விடும். நான் பையைச் சுத்தம் செய்து தரையைச் சுத்தமாக்கியபோதே தும்மலையும் அதிகமாக்கினேன் என்று அர்த்தம்.

இந்த மெஷினின் சரித்திரமே துணியில்தான் தொடங்கியது. 1901இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற எஞ்சினியர், தூசியை ஊதித் தள்ளும் ஒரு மெஷினைப் பார்த்துவிட்டு, ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். நாற்காலி மெத்தை மேல் கைக்குட்டையை வைத்து, வாயால் உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் மறுபக்கம் அழுக்கு வட்டம். பிறகு அவர் செய்தது குதிரை இழுத்துவந்து தெருவில் நிறுத்தும் பெரிய வண்டி, ஹோஸை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விடுவார்கள். 1907இல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர் என்ற துப்புரவுத் தொழிலாளி விசிறி, துடைப்பக் கம்பு, தலையணை உறை வைத்து ஒன்று செய்தார். அவருக்கு ஆஸ்துமா, கூட்டும்போது எழும் தூசி தாங்கவில்லை. அதன் காப்புரிமைதான் பிறகு ஹூவர் என்ற வேக்குவம் க்ளீனர் கம்பெனியின் கைக்குப் போனது. கைக்குட்டை, தலையணை உறை, அப்புறம் எங்கள் துணிப்பை: எல்லாமே நெசவுத் துணிதான், நெசவின் கண் அளவுக்குத்தான் அது தூசியைப் பிடிக்கும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைத் தடுக்கும் ஹெப்பா ஃபில்டர் எல்லாம் வீட்டு மெஷினுக்கு ரொம்பப் பிந்தி வந்தவை.

இந்தப் பழைய உருளைக்குள் ஹெப்பா திணிக்க இடமில்லை. திருப்பூர் கைகொடுத்தது. 2020இல் முகக்கவசம் தைத்த யூனிட்டுகளில் புழங்கியது ஸ்பன்பாண்ட், மெல்ட்ப்ளோன், ஸ்பன்பாண்ட் என்று மூன்று அடுக்கான நெய்யாத துணி. அதில் ஒரு துண்டு வாங்கி, பழைய பையின் அளவுக்கே, ஆனால் மடிப்பு விட்டுப் பரப்பைக் கூட்டித் தைக்கச் சொன்னோம். பரப்பு முக்கியம், ஃபில்டர் நுணுக்கமாக ஆக காற்றைத் தடுக்கும், அதை ஈடுகட்டப் பெரிய பரப்பு வேண்டும். வாய்ப்பகுதி மட்டும் பழைய துணியின் கெட்டி விளிம்பு. மாட்டி ஓட்டியதில் வெயில் கற்றையில் புகை அடங்கிவிட்டது, கறுப்புத் துணி கறுப்பாகவே இருந்தது. பாலிதீன் பை உப்பும் வேகம் சற்றுக் குறைந்தது, மணல் எடுப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. இந்தத் துணியைத் துவைக்கக்கூடாது, துவைத்தால் நடு அடுக்கின் பிடிப்புப் போய்விடும். அடைத்தால் கழித்துக்கட்டிவிட்டு வேறு தைத்துக்கொள்ளவேண்டியதுதான்.

இதற்கெல்லாம் பிறகும் புதியது ஜெயித்த ஒரு இடம் உண்டு. டைல்ஸில் விரலால் தடவினால் ஒட்டும் மெல்லிய மாவுப் படலம். தரையை ஒட்டிய காற்று அநேகமாக அசையாது, எவ்வளவு இழுத்தாலும் அந்த நுண்பொடி தரையோடு பற்றிக்கொண்டு நிற்கும், ஏதாவது தேய்த்தால்தான் கிளம்பும். கார்ட்லெஸ்ஸில் மெத்தென்ற உருளை சுற்றித் துடைத்துக்கொண்டு போகிறது, அதனால் வெறுங்காலில் நடக்கும்போது அதுதான் சுத்தமாகத் தெரியும். மருமகள் கட்சிக்கு இந்த ஒரு பாயிண்ட் முழுசாகப் போகிறது. ஈரத்துணி போட்டுத் துடைத்தால் இரண்டுக்கும் வித்தியாசமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அந்த வீட்டில் ஆசாரம், உள்வீடு, ஜமுக்காளம், கட்டிலடி பழையதுக்கு. சமையலறையும் படுக்கையறையும் புதியதுக்கு. அடுப்புச் சாம்பல் இரண்டுக்குமே கிடையாது, கங்கு ஒன்று உள்ளே போனால் பஞ்சோடு பை பற்றிக்கொள்ளும். ஈரத் தரைக்கும் பழையது கிடையாது. பையைப் பார்க்கும் நாளைப் பெரியம்மா குடோன் சம்பளம் போடும் சனிக்கிழமையோடு சேர்த்துவிட்டார், நிறைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்குக் கொட்டியாக வேண்டும். கொட்டுவது பொடக்காளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி, வாயில் துண்டு கட்டிக்கொண்டு. அந்த வேலை யாருக்கு என்பதில் மட்டும் இன்னும் முடிவு வரவில்லை, போன முறை போனபோது மகனைக் கைகாட்டினார்கள், அவர் குடோனில் வேலை இருக்கிறது என்று நழுவிக்கொண்டிருந்தார்.